உடலும் நலமும்: தசைக்குள் தேங்கும் கொழுப்பு



சென்ற கிழமை கடையில் சந்தித்த ஓர் அண்ணர் சலித்துக்கொண்டார். "ஊரிலை மூண்டு நேரமும் சோறும் புட்டும்தான். ஒரு வருத்தமும் வரேல்லை. இஞ்சை வந்து நாலு வருசத்திலை சலரோகம் எண்டு வைத்தியர் சொல்லுறார். நான் மொத்தமும் இல்லையே!"

உண்மை, அவர் மெலிந்தவர்தான். வயிறு மட்டும் சற்று முன்தள்ளியிருந்தது. ஊரில் தோட்டத்துக்கும் சந்தைக்கும் சைக்கிள் மிதித்தவர். இங்கே இரவு வேலை, பகல் தூக்கம், இடையில் பஸ். சாப்பாடு மாறவில்லை, தசைகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

நாம் குடியேறியிருக்கும் இதே ரொறன்ரோவில்தான் 1921இல் பன்ரிங், பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. இன்சுலின் சீனியை மட்டும் கவனிப்பது என்று பலர் நினைக்கிறோம். கொழுப்பையும் அது ஆள்கிறது.

பசித்திருக்கும்போது இன்சுலின் குறைவு. கொழுப்புக் கலங்கள் கொழுப்பை இரத்தத்தில் விடும். தசை அதை எரித்துக்கொள்ளும். சாப்பிட்டதும் இன்சுலின் கூடும். அது கொழுப்புக் கலங்களிடம் "போதும், நிறுத்து" என்றும், தசையிடம் "இப்போது சீனியை எடு" என்றும் சொல்கிறது. சாப்பாட்டின் பின் இன்சுலின் சொற்படி சீனியை எடுப்பதில் பெரும்பங்கு தசைக்கே உரியது.

உடல் அசையாமலே இருந்தால் என்ன நடக்கும்? எரிக்கப்படாத கொழுப்பு தசைக்குள்ளேயே தேங்குகிறது. அதிலிருந்து உண்டாகும் சில பொருட்கள் இன்சுலின் சொல்வதைத் தசை கேட்காதபடி தடுக்கின்றன. சீனி இரத்தத்திலேயே நின்றுவிடுகிறது.

ஒரு வியப்பு: நெடுந்தூரம் ஓடும் வீரர்களின் தசையிலும் இதேபோல் கொழுப்பு நிறைய உண்டு. ஆனால் அவர்களின் தசை இன்சுலினுக்கு நன்றாகவே பணிகிறது. அவர்கள் அதை அன்றாடம் எரித்து, மீண்டும் நிரப்புகிறார்கள். ஆகவே கொழுப்பு இருப்பதைவிட, அது செலவாகாமல் கிடப்பதே பெரிய குற்றம்.

பயிற்சி இரண்டு நன்மை தரும். நடக்கும்போது இன்சுலினின் உதவி இல்லாமலே தசை சீனியை எடுக்கும். சில வாரங்கள் தொடர்ந்தால், கொழுப்பை எரிக்கும் 'மைற்றோகொண்ட்ரியா' என்னும் நுண் அடுப்புகள் தசையில் பெருகும். ஒரு நாள் பயிற்சியின் பலன் ஓரிரு நாட்களே நிற்கும். எனவே இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நீரிழிவின் வாசலில் நின்றவர்கள் கிழமைக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்து, உணவையும் எடையையும் குறைத்தபோது நோய் வருவது 58 வீதம் குறைந்தது. நம்மவருக்கு மெலிந்த உடலிலும் இந்நோய் வரும் என்பதால், "நான் மொத்தமில்லை" என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்.

பனிக்காலத்தில் எங்கே நடப்பது என்று கேட்பீர்கள். பெரிய கடைத்தொகுதிக்குள் நடக்கலாம். லிப்ற்றை விட்டுப் படியேறலாம். இரண்டு தரிப்பிடம் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கலாம். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடப்பதும் நல்லது. பேசமுடியும், பாடமுடியாது என்ற வேகம் போதும்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஏற்றுபவர்களும் சீனிக்குக் குளிசை எடுப்பவர்களும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். சட்டைப்பையில் இனிப்பு வைத்திருங்கள். நெஞ்சு நோவு வந்தால் உடனே நிறுத்தி உதவி தேடுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்த அண்ணர் இப்போது மனைவியுடன் மாலையில் நடக்கிறார். "ஊர்க்கதை கதைக்கவும் நேரம் கிடைக்குது" என்றார். நீங்களும் இன்றைக்கே ஒரு சுற்று நடந்து பாருங்கள்.