வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வயல்

(இரண்டாம் ஆண்டு, சிவில்)

"நாட்டின் பாதுகாப்புக்கு எல்லையில் வேலி வேண்டுமா?" என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் கை தூக்கி விடுவோம். நானும் தூக்குவேன். துப்பாக்கியோடு வருகிறவனுக்குக் கதவைத் திறந்து வைக்கச் சொல்ல நான் என்ன பைத்தியமா? பஞ்சாபில் 1980-களின் இறுதியில் வேலியும் விளக்கும் போட ஆரம்பித்த பிறகு ஆயுதம் கடத்துவது சிரமமானது உண்மை. ஆனால் வேலி போட்டாச்சு, வேலை முடிஞ்சாச்சு என்று பேசுகிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

வங்கதேச எல்லையைப் பாருங்கள். 4,096 கி.மீ. நீளம். அந்தக் கோட்டை 1947-ல் போட்டவர் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வக்கீல். அதற்கு முன் அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஐந்தே வாரத்தில் முடித்துவிட்டார். (நம் மைதானத்தைச் செயின் சர்வே செய்யவே நமக்கு ஒரு செமஸ்டர் ஆகிறது!) ஊருக்கும் வயலுக்கும் குறுக்கே கோடு ஓடியது.

எல்லைக் கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் இரு நாடும் பாதுகாப்புக் கட்டுமானம் எழுப்பக்கூடாது என்று 1975-ல் பேசிக்கொண்டார்கள். ஆகவே நாம் வேலி போட்டபோது பல இடங்களில் நம் நிலத்துக்குள்ளேயே தள்ளிப் போட்டோம். விளைவு? வயல் வேலிக்கு அந்தப் பக்கம், வயல்காரர் இந்தப் பக்கம். சில இடங்களில் வீடே அந்தப் பக்கம். அவர்களும் நம் நாட்டு ஓட்டர்கள்தான். அடையாள அட்டையைக் காட்டி, கேட்டு திறக்கும் நேரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும்.

பட்டணத்தில் பிறந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. பிறத்தியார் வயலுக்கு ராத்திரி தண்ணி கட்டப் போவார். கரண்டு எப்ப வருதோ அப்ப போகணும். மடை உடைஞ்சா உடனே ஓடணும். "கேட்டு காலையிலதான் திறப்பாங்க, பொறுத்துக்கோ" என்று பயிரிடம் சொல்ல முடியுமா?

சரி, இத்தனைக்கும் கடத்தல் நின்றதா? பஞ்சாபில் இப்போது ட்ரோனில் போதைப்பொருள் வேலிக்கு மேலே பறந்து வருகிறது. அஸ்ஸாமில் துப்ரி அருகே பிரம்மபுத்திரா அகன்று ஓடுகிற இடத்தில் கம்பம் எங்கே நடுவது? மாட்டிக்கொள்வது ஏழைதான். 2011 ஜனவரியில் வேலியைத் தாண்டித் தன் நாட்டுக்குத் திரும்பப் பார்த்த 15 வயது வங்கதேசப் பெண், ஆடை முள்கம்பியில் சிக்கி, சுடப்பட்டு, மணிக்கணக்கில் அதிலேயே தொங்கினாள். அவளால் எந்த நாட்டுக்கு என்ன ஆபத்து?

அப்படியானால் வேலியைப் பிடுங்கிவிடலாமா என்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பேசினால் தீர்கிற விஷயங்களும் எல்லையில் உண்டு என்கிறேன். ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் திட்டுகளாக 162 நிலத்துண்டுகள் கிடந்தன. மாற்றிக்கொள்வதென்று 1974-லேயே ஒப்பந்தம் போட்டும், 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் மாறின. அதுவரை அங்கே இருந்தவர்களுக்கு ரேஷன் கார்டுகூட ஒழுங்காகக் கிடையாது. 41 வருஷம்!

நாளைக்கு இந்த மாதிரி வேலைக்கு எஸ்டிமேட் போடுகிறவர்களில் நம்ம செட்டு ஆளும் இருக்கலாம். கம்பி, கம்பம், கான்கிரீட் என்று ஐட்டம் எழுதுகிறோம் அல்லவா? அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் மனை, வயல்காரருக்கு வருஷா வருஷம் நஷ்ட ஈடு, இவையும் அதே எஸ்டிமேட்டில் ஐட்டமாக வரட்டும். ராத்திரி தண்ணி கட்டப் போகிறவருக்குக் கேட்டைத் திறந்துவிட ஒரு ஆளின் சம்பளமும் சேரட்டும்.