செருப்பின் நுனி சொல்லும் சேதி

பக்கவாதத்திலிருந்து மீண்டு நடமாடத் தொடங்கியவர்களின் செருப்பைக் கவனியுங்கள். பலருக்கு ஒரு செருப்பு மட்டும் நுனியிலும் வெளி ஓரத்திலும் தேய்ந்திருக்கும். ‘காலில் இன்னும் பலம் வரலை’ என்பார்கள் வீட்டில். ஆனால், பல நேரங்களில் தொடை ஓரளவு தேறியிருக்கும். பின்தங்கி நிற்பது கணுக்கால்தான்.

நடக்கும்போது கால் முன்னே வரும் நேரத்தில், விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இடைவெளி. முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி முன்பக்கம் இருக்கும் தசை பாதத்தைத் தூக்கிப் பிடிப்பதால்தான் விரல் தரையில் இடிப்பதில்லை. மூளையின் உத்தரவு அந்தத் தசைக்குச் சரியாகப் போகாவிட்டால் பாதம் தொங்கிவிடும். கெண்டைக்கால் தசையும் இறுகிவிட்டால், பாதத்தைக் கீழும் உள்ளுமாக இழுக்கும். தடுக்கி விழாமலிருக்க இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாக வீசி நடப்பார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் களைப்பு வந்துவிடும்.

பலம் மட்டும் வந்தால் போதாது. சரியான நொடியில் பாதத்தைத் தூக்க வேண்டும், மெதுவாக இறக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை மூளை மறுபடி கற்றுக்கொள்ளும். அதற்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்தவர் காலைப் பிடித்து அசைத்துவிட்டால் மூட்டு இறுகாமல் இருக்க உதவும். எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும். ஆனால், அவரே முயன்று அசைப்பதற்கு இவை ஈடாகாது.

பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிட்டு வீட்டில் செய்யக்கூடியவை:

* நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை மட்டும் தூக்கி, மெதுவாக இறக்குவது. 10 முறை செய்து, ஓய்வெடுத்து, மறுபடி செய்யலாம்.
* காலை நீட்டி, பாதத்தில் துண்டைக் கோத்துத் தன் பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடிப்பது. கெண்டைக்கால் இறுக்கம் தளரும்.
* சமையல் மேடையைப் பிடித்து நின்று குதிகால்களை உயர்த்தி இறக்குவது. பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

‘ஏ.எஃப்.ஓ.’ எனப்படும் பிளாஸ்டிக் தாங்கியை, ‘போட்டா அதுவே பழகிடும்’ என்று பலர் மூலையில் வைத்துவிடுகிறார்கள். விழும் பயமில்லாமல் கூடுதலாக நடப்பதும் பயிற்சிதானே! குதிகால் எழும் நொடியில் நரம்புக்கு மின்தூண்டல் கொடுத்துப் பாதத்தைத் தூக்கவைக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவில் லிபர்சன் குழுவினர் 1961-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். இறுக்கம் அதிகமென்றால் போட்டாக்ஸ் ஊசி உதவுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

வீட்டில் நழுவும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள். பாத்ரூம் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். ஹவாய் செருப்பு வேண்டாம். குதிகாலில் பட்டை உள்ளதாக வாங்குங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் தேய்த்துவிடக் கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். அதற்காக, ‘ஆறு மாசம் ஆச்சு, இனி அவ்வளவுதான்’ என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள். பயிற்சியைத் தொடர்ந்தால் அதன் பிறகும் நடை தேற வாய்ப்பிருக்கிறது.