கணக்குல வராத ஆட்டக்காரன்

போன பதிவுல மோட்டார் காயில் கருகின கதையை எழுதியிருந்தேன். அடுத்த பாகம் எங்கேன்னு கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். இந்த வாரம் கூடைப்பந்து. வெள்ளாமை பத்திப் படிக்க வந்த பட்டணத்துக்காரங்க முகம் சுளிக்க வேண்டாம், கடைசியில கண்மாய்க்கே வந்து சேருவேன்.

நான் பள்ளிக்கூடத்துல படிச்சப்போ செம்மண் தரையில ரெண்டு கம்பம் நட்டு, பி.டி. வாத்தியார் எங்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார். பத்தாவதோட படிப்பு நின்னது, ஆட்டமும் நின்னது. பார்க்குற ஆசை மட்டும் நிக்கலை. சென்னையில இருக்கிற தம்பி மகன் புண்ணியத்துல இப்ப ஃபோன்லயே அமெரிக்காவோட என்.பி.ஏ. ஆட்டம் பார்க்குறேன். அங்கே ராத்திரி ஆட்டம்னா நமக்கு விடியக்காலம். கடலைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டே வரப்புல உட்கார்ந்து பார்க்க அதைவிடத் தோதான நேரம் இல்லை.

நம்ம அணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். அதுல எல்லாரும் லெப்ரான் ஜேம்ஸைப் பார்ப்பாங்க. நான் பார்க்குற ஆள் அலெக்ஸ் கருசோ. வயசு 27. முன்மண்டை வழுக்கை, அதுல ஒரு பட்டை. பார்த்தா பேங்க்ல கேஷ் கவுன்டர்ல இருக்கிறவர் மாதிரி இருப்பார். அவரோட ஒப்பந்தம் இப்ப முடியுது. வர்ற செவ்வாய்க்கிழமை, 2021 ஆகஸ்ட் 3, நம்ம நேரத்துக்கு விடியக்காலம் மூன்றரை மணியில இருந்து எந்த அணியும் அவரோட பேசலாம். இதை அங்கே ஃப்ரீ ஏஜென்சின்னு சொல்றாங்க. ஏலம் மாதிரி கிடையாது. ஆட்டக்காரரே விலை பேசி, பிடிச்ச இடத்துக்குப் போகலாம்.

லேக்கர்ஸ் அவரை விட்டுடுவாங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு. விட்டா அது பெரிய தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அவர் வந்த வழியைச் சொல்லிடறேன். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல நாலு வருஷம் ஆடினார். அசிஸ்ட், ஸ்டீல் ரெண்டுலயும் அந்தப் பல்கலைக்கழகத்தோட சாதனை அவர் பேர்ல இருக்கு. அப்படியும் 2016 டிராஃப்ட்ல 60 பேரைத் தேர்ந்தெடுத்தப்போ அவர் பேரை 30 அணியில ஒருத்தரும் கூப்பிடலை. ஒரு வருஷம் சின்ன லீக்ல கிடந்தார். 2017ல லேக்கர்ஸ் அவரை "டூ வே" ஒப்பந்தத்துல எடுத்தாங்க. சின்ன அணியில ஆடணும், பெரிய அணி கூப்பிட்டா ஓடி வரணும். நம்ம ஊர்ல அன்னாடங்கூலி மாதிரின்னு வச்சுக்கோங்க. 2019லதான் ரெண்டு வருஷத்துக்கு 55 லட்சம் டாலர்னு ஒழுங்கான சம்பளம் வந்துச்சு. நமக்கு அது பெரிய பணம். அந்த லீக்ல அது சில்லறை.

இப்ப முடிஞ்ச சீசன்ல அவர் கணக்கைப் பாருங்க. ஆட்டத்துக்கு சராசரி 21 நிமிஷம், 6.4 பாயின்ட். இதை மட்டும் பார்க்குறவன் "இவனுக்கு எதுக்குக் காசு"ன்னுதான் கேப்பான். ஆனா மூணு பாயின்ட் தூரத்துல இருந்து போட்டதுல நூத்துக்கு 40 உள்ளே போயிருக்கு. லெப்ரான் மாதிரி ஆள் பக்கத்துல நிக்கிறவனுக்கு இது முக்கியம். லெப்ரானை ரெண்டு பேர் மறிச்சா, பந்து காலியா நிக்கிறவன் கைக்கு வரும். அவன் போட்டுட்டான்னா, அடுத்த தடவை மறிக்க வர்றவன் யோசிப்பான்.

அதைவிடப் பெரிசு அவரோட தடுப்பாட்டம். எதிராளியோட நல்ல கார்டு யாரோ, அவன் மேல கருசோவை விடுவாங்க. அவன் ஸ்கிரீன் வச்சு நழுவப் பார்ப்பான். இவர் உடம்பைக் குறுக்கிச் சந்துல நுழைஞ்சு மறுபடி அவன் முன்னாடி நிப்பார். தன் ஆளை விட்டு ஓடி வந்து, அடுத்தவன் ஆள் போட இருந்த பந்தைத் தட்டிவிட்டுத் திரும்ப ஓடுவார். பாய்ஞ்சு விழுந்து பந்தைப் பிடிப்பார். எதிராளிக்கு வரவேண்டிய ரெண்டு பாயின்ட் வராமப் போகும். வராமப் போனதை எந்த ஏட்டுல எழுதுவாங்க? 2020–21ல தடுப்பாட்டத்துல லீக்லயே முதல் இடம் லேக்கர்ஸுக்கு. லெப்ரானும் டேவிஸும் காயத்துல பல வாரம் உட்கார்ந்த வருஷம் அது. அப்புறம் அந்தத் தடுப்பு எங்கே இருந்து வந்துச்சு?

2020 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டம் ஞாபகம் இருக்கு. நமக்கு அக்டோபர் 12, விடியக்காலம். மயாமிக்கு எதிரா அஞ்சாவது ஆட்டத்தைத் தோத்துட்டு நின்ன நேரம். பயிற்சியாளர் ஃப்ராங்க் வோகல், ட்வைட் ஹோவர்டை வெளியே உட்கார வச்சு கருசோவை முதல் ஐஞ்சு பேர்ல இறக்கினார். பாதி ஆட்டத்துல 64–36. அங்கேயே கோப்பை முடிவாயிடுச்சு. மறுநாள் பேப்பர்ல லெப்ரான் படம் வந்துச்சு. அது நியாயம்தான். ஆனா எதுக்காக இவரை இறக்கினாங்கன்னு அணிக்காரங்களுக்குத் தெரியும்.

ரசிகர்களும் கருசோவுக்கு ஒரு கெடுதல் பண்ணியிருக்காங்க. வழுக்கைத் தலையன் எகிறிக் குதிச்சு டங்க் பண்றான்னு கேலிப்படமா போட்டு, ஆல் ஸ்டார் ஓட்டெடுப்புல விளையாட்டுக்கு ஓட்டைக் குவிச்சாங்க. கேலியா ஆரம்பிச்ச அன்பு கேலியாவே நின்னுடுச்சு. ஆளைப் பிடிக்கும், ஆட்டத்தை மதிக்க மாட்டாங்க.

குறையும் சொல்லணும். தானே பந்தை எடுத்துட்டுப் போய் நாலு பேரைத் தாண்டிப் போடுற ஆள் இல்லை அவர். பாயுற பாய்ச்சலுக்கு அடிபடும், 35 நிமிஷம் தாங்குவாரான்னு யாரும் சோதிச்சுப் பார்த்ததில்லை. இந்த வருஷம் முதல் சுற்றுலயே ஃபீனிக்ஸ்கிட்ட தோத்தப்போ அவராலயும் காப்பாத்த முடியலை. அதனால வருஷத்துக்கு ரெண்டு கோடி டாலர் கொடுங்கன்னு நான் கேக்கலை. தொண்ணூறு லட்சத்துல இருந்து ஒரு கோடி டாலர். அதுதான் என் மதிப்பு. மத்த அணிகள் "மிட் லெவல்"னு ஒரு விதிவிலக்குல கொடுக்கக்கூடியதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

லேக்கர்ஸ் பக்கத்துக் கணக்கு என்ன? ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கைக் கொண்டுவரப் பேசி முடிச்சுட்டாங்க. அவருக்கு 4.4 கோடி, லெப்ரானுக்கு 4.1 கோடி, டேவிஸுக்கு 3.5 கோடி. இந்த மூணு பேர் சம்பளமே லீக் வச்சிருக்கிற 11.2 கோடி உச்சவரம்பைத் தாண்டிடுச்சு. அதுக்கும் மேல தனியா இருக்கிற வரி வரம்பைத் தாண்டினா, கூடுதலா கொடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் லீக்குக்கு வரி கட்டணும். "பெஞ்ச் ஆளுக்கு இவ்வளவு வரியா"ன்னு கணக்குப்பிள்ளை கேப்பார்.

இங்கதான் விஷயம் இருக்கு. சொந்த ஆட்டக்காரரை வச்சுக்க உச்சவரம்பைத் தாண்டலாம்னு ஒரு விதி இருக்கு. லாரி பேர்ட் பேரால அதை பேர்ட் உரிமைன்னு சொல்றாங்க. கருசோவுக்கு அந்த உரிமை லேக்கர்ஸ்கிட்ட இருக்கு. அவரை விட்டா அந்த ஒரு கோடி மிச்சமாகி அதுல வேற ஆளை வாங்கலாம்னு நினைக்காதீங்க. முடியாது. உச்சவரம்புக்கு மேல இருக்கிற அணிக்கு வெளியாளை எடுக்கச் சின்னத் தொகைதான் அனுமதி. ஆளும் போவார், அந்த இடமும் போகும்.

எனக்கு ஏன் இதுல இவ்வளவு வேகம்னா, இதே கணக்கை நானும் போட்டவன்.

எங்க கண்மாய்க்கு ஒரு நீர்க்கட்டி இருந்தார். முறையில எனக்கு மாமா. மடை திறக்கிறது, வாய்க்கா பார்க்கிறது, யாருக்கு எந்நேரம் தண்ணின்னு முறை வைக்கிறது எல்லாம் அவர்தான். அறுவடைக்கு ஏக்கருக்கு இத்தனை மரக்கா நெல்லுனு களத்துலயே அளந்து கொடுப்போம். ஆறு வருஷம் முன்னாடி ஊர்க் கூட்டத்துல, "சும்மா கரையில நடக்கிற ஆளுக்கு எதுக்கு இவ்வளவு நெல்லு, பாதி போதும்"னு பேச்சு வந்துச்சு. கை தூக்கச் சொன்னாங்க. நானும் தூக்கினேன். மாமா ஒரு வார்த்தை பேசலை. துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போனார். அடுத்த மாசம் திருப்பூர்ல ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனா போயிட்டார்.

அந்த வருஷம் கண்மாய் நிறைஞ்சது. ராத்திரி யாரோ வாமடையை வெட்டி வச்சான், மேல்மடைக்காரனுக்கு முழங்கால் தண்ணி, கடைமடையில எனக்கு வெடிப்பு. முக்கால் ஏக்கர் பொட்டாப் போச்சு. மிச்சம் பிடிச்ச நெல்லு எத்தனை மரக்கான்னு நான் சொல்லவே வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ஆடிப்பெருக்கு. மூன்றரை மணிக்கு நான் எப்படியும் முழிச்சுத்தான் இருப்பேன், நமக்கு மும்முனை கரண்ட் வர்ற நேரம் அது. ஒரு கையில மண்வெட்டி, ஒரு கையில ஃபோன். லேக்கர்ஸ்காரங்க நான் சொல்லிக் கேக்கப் போறதில்லை. ஆனா ஆவணியில எங்க ஊர்க் கூட்டம் இருக்கு. மாமாவுக்குப் பழைய அளவு நெல்லைப் பேசி, திருப்பூர் போய்க் கூட்டிட்டு வரணும்னு முதல் ஆளா எந்திரிச்சுச் சொல்லப்போறேன். வருவாரான்னு தெரியலை. வந்தா அடுத்த பதிவுல எழுதறேன், மோட்டார் கதையோட சேர்த்து.