கைப்பிடியைக் கழற்றிவிடாதீர்கள்

ஸ்மார்ட் மீட்டர் எங்கள் காரியாபட்டிக்கும் வரும் என்கிறார்கள். வரட்டும். ரீடிங் எடுக்க வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை மிச்சம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். புதுக் கருவியைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை.

ஆனால் அந்த மீட்டருக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பணம் கட்டாத வீட்டின் இணைப்பை ஆபீசில் உட்கார்ந்தபடியே துண்டிப்பதற்கு வைத்தது. ஒரு வீட்டைத் துண்டிக்கிற கம்ப்யூட்டரால் ஒரு ஊரையும் துண்டிக்க முடியும். அது வேறு யார் கைக்காவது போய்விட்டால்?

உக்ரைனில் போனது. 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தவர்கள், எங்கிருந்தோ பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். சுமார் 2.25 லட்சம் இணைப்புகள் இருண்டன. ஆனால் சில மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஊழியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு சப் ஸ்டேஷன்களுக்கு ஓடி, கையாலேயே பிரேக்கரைப் போட்டார்கள். அதற்கு வழி இருந்தது, தெரிந்த ஆளும் இருந்தார்.

ஊர் இருண்டுபோக எதிரிகூட வேண்டாம், மழை போதும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. எங்கள் மானாவாரிக் காட்டுக்கு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு தேறாது. தூத்துக்குடிப் பக்கம் செல்போன் டவர்களும் படுத்துவிட்டன. பிற மாவட்டங்களிலிருந்து போன மின் ஊழியர்கள்தான் தண்ணீரில் இறங்கி லைனை நிமிர்த்தினார்கள்.

இங்கே கம்பத்தில் லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்ச் ஒன்று இருக்கும். அதன் கைப்பிடி கீழே, ஆள் எட்டும் உயரத்தில், பூட்டோடு தொங்கும். எதை இறக்கினால் எந்த ஊர் அணையும், எந்தப் பக்கமிருந்து திருப்பிக் கொடுக்கலாம் என்பது பழைய லைன்மேனுக்கு மனப்பாடம். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. எந்த லைன் எங்கே போகிறது என்று காட்டும் பீடர் படம் எங்கே என்று கேட்டால் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டுமே!

ஆகவே, ஒரு மணி நேரத்தில் இத்தனை மீட்டருக்கு மேல் துண்டிக்கவே முடியாதபடி மீட்டர் முறையிலேயே வரம்பு வையுங்கள். பீடர் படத்தைக் காகிதத்தில் அச்சடித்து ஒவ்வொரு செக்‌ஷன் ஆபீசிலும் மாட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு நாள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஊருக்குக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். முதலில், காலியாகக் கிடக்கும் லைன்மேன் இடங்களை நிரப்புங்கள்.