பரிசோதனை பழிச்சொல் அல்ல



சென்ற மாதம், வியாபார நிமித்தம் வட்டுக்கோட்டையில் குடியிருக்கும் உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவ்வீட்டு மருமகளுக்கு மூன்றாம் மாதம். கிளினிக்கில் வீ.டி.ஆர்.எல். என்ற இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது சிபிலிஸ் எனும் பால்வினை நோயைக் கண்டறியும் சோதனை என்று யாரோ சொல்ல, மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. “மௌலவி, எங்கட பிள்ளைக்கு இப்படியொரு சோதனையா? இது மானக்கேடு இல்லையா?” என்று கேட்டார். மருமகள் தலை குனிந்து நின்றாள்.

அந்தத் தாயின் ரோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது ஒருவரைச் சந்தேகித்துச் செய்யும் சோதனை அல்ல. இலங்கையில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் செய்யும் சோதனை. சிபிலிஸ் ஒரு பக்டீரியாக் கிருமியால் வருவது. தாயிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துகொண்டே வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும். கருச்சிதைவும், பிள்ளை இறந்து பிறப்பதும் அதனால் நேரலாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெனிசிலின் ஊசியால் குணப்படுத்தலாம்.

இப்படி எல்லாத் தாய்மாரையும் சோதித்ததால் கிடைத்த பலனைப் பாருங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. முஸ்லிம் நாடான மாலைதீவும் அதே ஆண்டில் அச்சான்றைப் பெற்றது. மலேசியா 2018இலேயே பெற்றுவிட்டது. அந்நாட்டுப் பெண்கள் மானம் இழந்தா இதைச் சாதித்தார்கள்?

இன்னொன்றையும் குடும்பத்தார் மனதில் வைக்க வேண்டும். வீ.டி.ஆர்.எல். சோதனையில் நோய் இருப்பதாகக் காட்டினாலும் அதுவே முடிவு அல்ல. கர்ப்பத்தினாலோ வேறு நோயினாலோ சில வேளை தவறாகவும் காட்டும். அதனால்தான் மறு சோதனை செய்து உறுதிப்படுத்துகிறார்கள். ஒரு துண்டுக் கடதாசியைப் பார்த்து ஒரு பெண்ணின் மீது பழி சொல்வது பெரும் பாவம். நோய் உறுதியானால் கணவரும் சோதனைக்கும் சிகிச்சைக்கும் போக வேண்டும்.

இனி, பெறுமாசத்தில் கவனிக்க வேண்டிய மற்றொரு கிருமி குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஏறத்தாழ ஐந்து பெண்களில் ஒருவருடைய உடலில் இது சாதுவாக இருக்கும். இது பால்வினை நோயன்று, அசுத்தத்தால் வருவதுமன்று. ஆனால் பிரசவ நேரத்தில் பிள்ளைக்குத் தொற்றினால் முதல் வாரத்திலேயே இரத்தத்தில் நஞ்சேறும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 36, 37ஆம் வாரங்களில் எல்லாருக்கும் சோதிக்கிறார்கள். பிரித்தானியாவில் ஆபத்துக் காரணங்களைப் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். அக்காரணங்கள் இவை: 37 வாரத்துக்கு முன் வலி வருதல், தண்ணீர்க்குடம் உடைந்து நெடுநேரம் கடத்தல், பிரசவ வலியோடு காய்ச்சல், சிறுநீரில் இக்கிருமி காணப்படுதல், முந்திய பிள்ளைக்கு இந்நோய் வந்திருத்தல். இவர்களுக்கு வலி தொடங்கியதும் நரம்பு வழியாகப் பெனிசிலின் ஏற்றுவார்கள். பிரசவத்துக்கு நான்கு மணித்தியாலம் முன்னரே ஏற்றினால் பலன் அதிகம். ஆகவே, தண்ணீர்க்குடம் உடைந்த பின் “வலி வரட்டும்” என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மார்க்கத்தைக் கேட்டறிய அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். பெண் வைத்தியர் கிடைத்தால் அவரிடம் காட்டுங்கள். கிடைக்காவிட்டால், தேவையான அளவுக்கு ஆண் வைத்தியர் பார்ப்பதை பிக்ஹுச் சட்டம் அனுமதிக்கிறது.

மாமியார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்” என்றார். மருமகள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

நம் வீட்டுத் தாய்மாரையும் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.