கந்தோர் வீடு தேடி வந்தால் சட்டமும் கூட வரவேண்டும்

வீட்டிலிருந்தவாறே கந்தோர் வேலை செய்யும் முறை எமது நாட்டிற்குப் படலை வழியாக அழைத்து வரப்பட்ட விருந்தாளி அன்று. வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்த ஒன்று. பாராளுமன்றம் கூடி ஆராய்ந்து, தொழிலாளரையும் தொழில்கொள்வோரையும் கலந்து, நன்மை தீமைகளைச் சீர்தூக்கி அதனை ஏற்படுத்தவில்லை. முதன்முறை கொள்ளைநோய் அதனைக் கொண்டுவந்தது. இரண்டாம் முறை பெற்றோல் இல்லாமை கொண்டுவந்தது. இடர் நீங்கியதும் அதனை மறந்துவிடலாம் என்று ஆள்வோர் எண்ணுவாராயின், அது பெருந்தவறு என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நடந்தவற்றை ஒருமுறை நினைவுகூர்வோம். 2020 மார்ச் 20ஆம் திகதி தொடங்கி ஒரு வாரத்தை வீட்டிலிருந்து பணியாற்றும் காலமென அரசாங்கம் அறிவித்தது. அன்று மாலையே நாடெங்கும் ஊரடங்கும் வந்தது. 2022 ஜூன் 20ஆம் திகதி தொடக்கம் இரண்டு வாரங்களுக்கு, அரச கந்தோர்களுக்கு இன்றியமையாத சிலரை மட்டும் அழைத்து, ஏனையோரை வீட்டிலிருந்து கடமை செய்யுமாறு பணித்தனர். அதே மாதத்தில், அத்தியாவசிய சேவையினர் தவிர்ந்த அரச ஊழியர்க்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை இணங்கியது. பிரயாணத்துக்கு எரிபொருள் இல்லை. ஆகவே வீட்டில் நின்று தோட்டஞ் செய்க என்பதே அதன் கருத்து. தோட்டஞ் செய்வதையே தொழிலாகக் கொண்ட எமது கமக்காரரோ, அதே நாட்களில் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் தேடி வரிசையில் நின்றனர். அதற்கு முந்திய ஆண்டில், 2021 மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அத்தடையை நீக்கிய அதே அரசாங்கமே உத்தியோகத்தரை மண்வெட்டி எடுக்கச் சொன்னது என்பதையும் வாசகர் மறந்திரார்.

இவ்விரு இடர்களும் ஓர் உண்மையைத் துலக்கிக் காட்டின. கந்தோர் வேலையில் ஒரு பெரும் பகுதி, கந்தோரின் நான்கு சுவர்களுக்குள்தான் நடக்கவேண்டும் என்பதில்லை. கணக்கு எழுதுவோர், கணினிச் செய்நிரல் வகுப்போர், வரைபடம் வரையும் பொறியியலாளர், மொழிபெயர்ப்பாளர், காப்புறுதி விண்ணப்பங்களைப் பரிசீலிப்போர் ஆகியோரின் வேலை நாற்காலியோடு கட்டுண்டதன்று. விடியற்காலை எழுந்து, வியாங்கொடையிலிருந்தோ பாணந்துறையிலிருந்தோ புகையிரதப் படியில் தொங்கிக் கொழும்புக் கோட்டையில் வந்திறங்கி, மாலையில் அவ்வாறே தொங்கித் திரும்பும் மனிதர், நாளொன்றில் சில மணித்தியாலங்களைச் சம்பளமின்றி வீதிக்கும் இருப்புப்பாதைக்கும் காணிக்கையாக்குகின்றனர். அந்நேரம் தொழில்கொள்வோனுக்கும் பயன்படுவதில்லை. பிள்ளைக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கவும் உதவுவதில்லை.

கொழும்பை அண்டி வாழ்வோர்க்கு இது நேரக்கணக்கு. வடக்குக் கிழக்கில் வாழ்வோர்க்கோ இது வாழ்க்கைக் கணக்கு. ஆங்கிலம் கற்ற எமது முன்னோர் கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் எழுதுவினைஞராகச் சென்ற வரலாறு நாம் அறிந்ததே. 1905இல் காங்கேசன்துறை வரை இருப்புப்பாதை நிறைவுற்றது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அவ்வண்டி உத்தியோகத்தரை வீட்டிற்குக் கொண்டுவந்த வண்டி என்று போற்றப்படுகின்றது. விடுமுறை முடிந்ததும் அவரைக் கொண்டுபோனதும் அதுவே அன்றோ! ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் கணவன், காணியையும் கிணற்றையும் காத்துக்கொண்டு மனைவி, மாதந்தோறும் தபாலில் வரும் காசுக்கட்டளை. இவ்வாறு எத்தனை தலைமுறைகள் கழிந்தன! போர்க்காலத்தில், 1990இல், யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்று 2014 ஒக்டோபரில் மீண்டது. வண்டி மீண்டது; படித்த பிள்ளை ஊரை விட்டுப் போகும் வழக்கம் மாறவில்லை. இப்பொழுது கொழும்போடு நில்லாது கடல் கடந்தும் போகின்றனர்.

ஒரு பொறியியலாளரோ கணக்காளரோ சாவகச்சேரியிலோ களுவாஞ்சிக்குடியிலோ இருந்துகொண்டு கொழும்பு நிறுவனத்தின் வேலையைச் செய்து முடிக்கக் கூடுமாயின், அவர் சம்பளம் ஊர்க்கடையில் செலவாகும். அவர் பிள்ளை ஊர்ப் பாடசாலையில் படிக்கும். ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஒரு செயலாளரும், கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு கணக்குப் பரிசோதகரும் கிடைப்பர். முதிர்ந்த பெற்றோர் அந்நியர் கையை எதிர்பார்த்திரார். கமக்காரரின் மகன் படித்ததும் தோட்டம் தரிசாகும் என்னும் நிலையும் ஓரளவேனும் தணியும். ஆகவே இது ஏதோ பட்டணத்தாரின் சொகுசுப் பேச்சு என்று எமது மக்கள் ஒதுக்கிவிடலாகாது.

இதனை எதிர்ப்போர் கூறும் நியாயங்களையும் நோக்குவோம். கண்காணிப்பு இல்லாத இடத்தில் வேலை நடவாது என்பர். மேலதிகாரியின் கண் முன்னே அமர்ந்து, தேநீரும் பத்திரிகையுமாகப் பொழுதைப் போக்கும் கலையில் எமது கந்தோர்கள் பின்தங்கியவை அல்ல என்பதை எவரே மறுப்பர்? முடித்த வேலையை அளக்கத் தெரியாத அதிகாரிதான் உட்கார்ந்த நேரத்தை அளக்கின்றார். இளைஞர் மூத்தோரிடம் தொழில் பழகுவதற்கு ஒருங்கிருத்தல் வேண்டும் என்னும் மற்றொரு நியாயமோ மெய்யானது. அதனை நாம் ஏற்கின்றோம். வாரத்தில் சில நாட்கள் கந்தோரிலும் சில நாட்கள் வீட்டிலுமாக வேலையைப் பகிர்ந்தால் அக்குறை தீரும். தாதியரும், ஆசிரியரும், துறைமுகத் தொழிலாளரும், தைத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் வீட்டிலிருந்து வேலை செய்ய இயலாது என்பதும் உண்மையே. ஒருவர்க்கு இயலாதது மற்றவர்க்கும் ஆகாது என்பது நீதியாகாது. இயலாதவர்க்குப் பிரயாண வசதியையும் சம்பளத்தையும் உயர்த்திக் கொடுப்பதே நீதி. வீதியில் நெரிசல் குறைந்தால் அவர்களுக்கும் வழி விரியும்.

ஆனால் எமது அச்சம் வேறிடத்தில் உள்ளது. கந்தோர் வீட்டுக்குள் வரும்போது, கந்தோரில் தொழிலாளி பெற்றிருந்த காப்புகள் அவரோடு கூட வருகின்றனவா? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்று வேலைக்கு எல்லை கட்டியது; அதற்கு மேற்பட்டால் மேலதிக நேரக் கொடுப்பனவு என்றது. கந்தோர்க் கதவு பூட்டப்படும் காலத்தில் எழுதப்பட்ட எல்லை அது. வீட்டில் பூட்டுவதற்குக் கதவு ஏது? இரவு உணவின்போது தொலைபேசி ஒலிக்கின்றது. ஞாயிறு காலையில் கட்டளை வருகின்றது. மறுத்தால் விசுவாசமில்லாதவர் என்ற பெயர். பெண்களின் நிலையோ இன்னும் பரிதாபம். வீட்டில்தானே இருக்கின்றாள் என்று அடுப்படியும், வேலையில்தானே இருக்கின்றாள் என்று கந்தோரும் இருபுறமும் இழுக்கின்றன.

செலவின் கதையும் இவ்வாறே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. கந்தோரில் மின்பிறப்பாக்கி இருந்தது. வீட்டில் மெழுகுதிரி இருந்தது. வேலை தடைப்பட்டால் பழி யாரைச் சேரும்? மின்கட்டணம், இணையக் கட்டணம், கணினி, மேசை, நாற்காலி ஆகிய அனைத்தையும் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிட்டு, கந்தோர் வாடகையைத் தொழில்கொள்வோர் மிச்சம் பிடிப்பாராயின், அது சீர்திருத்தமன்று. செலவை இடம் மாற்றும் தந்திரமேயாகும்.

பிற நாடுகள் இதனை எண்ணிப் பார்த்திருக்கின்றன. 1996இலேயே சர்வதேசத் தொழில் தாபனம் வீட்டு வேலை பற்றிய 177ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றி, வீட்டைத் தம் வேலைத்தலமாகக் கொண்டோர் ஏனைய தொழிலாளரோடு சமமாக நடத்தப்படல் வேண்டும் என்றது. பிரான்சு 2017 தொடக்கம், வேலை நேரத்துக்குப் புறம்பே தொழில்சார் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கியது. போர்த்துக்கல் 2021இல் நிறைவேற்றிய சட்டம், ஓய்வு நேரத்தில் தொழிலாளியைத் தொடர்புகொள்வதினின்றும் தொழில்கொள்வோரை விலக்கியதோடு, வீட்டு வேலையால் ஏற்படும் மேலதிகச் செலவையும் அவர்கள் மேலேயே சுமத்தியது. ஸ்பெயின் தேசமும் அதே ஆண்டில் தூரப்பணிக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, கருவிகளையும் செலவையும் தொழில்கொள்வோரே ஏற்கவேண்டும் என்றது. இவை எட்டாக் கனிகள் அல்ல. எழுதத் துணிந்தால் எழுதக்கூடிய விதிகளே.

இங்கு எமது கமக்கார வாசகர் ஒரு கேள்வி கேட்பர்: "உத்தியோகத்தர் வீட்டிலிருந்தால் எமக்கென்ன?" மிக நியாயமான கேள்வி. கமக்காரர் என்றைக்குமே வீட்டிலிருந்து வேலை செய்பவர்தாம். வீட்டு வாசலிலேயே அவர் தோட்டம் தொடங்குகின்றது. கந்தோருக்குப் போகவேண்டியவர் உத்தியோகத்தரிலும் பார்க்க அவரே. உரமானியத்துக்குக் கமநல சேவை நிலையம். சான்றிதழுக்குப் பிரதேச செயலகம். உறுதிப் பிரதிக்குக் காணிப் பதிவகம். ஒரு கிணற்றை நாலு பேர் பங்குகொள்ளும் இடத்தில், ஒரு நாள் கந்தோர் வாசலில் நின்றால் இறைப்பு முறை தவறிப்போகும். வெங்காயப் பாத்தி வாடிப்போகும். அவ்வாறு வந்தவரிடம், "ஐயா இன்று வீட்டிலிருந்து வேலை, நாளை வாருங்கள்" என்று சொல்லுவதற்கு இம்முறை ஒரு சாட்டாகுமாயின், அதனை ஆதரிக்கும் முதல் ஆள் நாமல்லேம்.

ஆதலால் இரண்டும் ஒன்றாக நடைபெறல் வேண்டும். உத்தியோகத்தர் வீட்டிலிருந்து கோவையைப் பார்க்க முடியுமானால், கமக்காரரும் வீட்டிலிருந்து விண்ணப்பத்தை அனுப்ப முடியவேண்டும். அந்த விண்ணப்பம் தமிழில் இருத்தல் வேண்டும். விடையும் தமிழில் வருதல் வேண்டும். 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று கூறியது. கடதாசியில் கிடைக்கவேண்டிய அவ்வுரிமை கணினித் திரையில் காணாமற் போதல் தகாது. கணினி இல்லாதவர்க்கும் பழகாதவர்க்கும் கிராம அலுவலர் நிலையத்தில் உதவ ஒருவர் இருத்தல் வேண்டும். மக்கள் நேரில் வரவேண்டிய கருமங்களுக்கு, குறித்த நாளில் குறித்த உத்தியோகத்தர் ஆசனத்தில் இருத்தல் வேண்டும்.

எமது கோரிக்கை சிக்கலானதன்று. எந்தெந்த வேலைகள் வீட்டிலிருந்து செய்யத்தக்கவை என்பதை வகுத்து, அவற்றைச் செய்வோர் அதனை உரிமையாகக் கேட்கவும், மறுப்பவர் எழுத்தில் காரணம் காட்டவும் விதி வேண்டும். வேலை நேரத்துக்கு எல்லையும், எல்லை கடந்தால் கொடுப்பனவும், கருவிக்கும் மின்சாரத்துக்கும் ஈடும் வேண்டும். வீட்டில் இருப்பவர் என்பதற்காகப் பதவியுயர்வில் பின்தள்ளப்படலாகாது. அரச ஊழியரைப் பொறுத்தமட்டில் தாபன விதிக்கோவையிலேயே இவ்வேற்பாடு இடம்பெறல் வேண்டும். வடக்குக் கிழக்கின் கிராமங்களுக்குத் தடைபடாத மின்சாரமும் இணையமும் கிடைத்தல் வேண்டும். அவை இன்றேல் மற்றவை யாவும் வெறும் எழுத்தே.

தொழிற்சங்கங்களும், கமக்காரர் அமைப்புகளும், எமது பாராளுமன்றப் பிரதிநிதிகளும் இதனைத் தத்தம் வேலையாக மேற்கொள்ளல் வேண்டும். அடுத்த நோயோ அடுத்த பஞ்சமோ வரும்வரை காத்திருந்தால், மீண்டும் ஓர் அவசரச் சுற்றறிக்கையே கிடைக்கும். அதில் கடமைகள் இருக்கும், உரிமைகள் இரா. வேலிப் பொட்டுக்குள்ளால் வந்ததை இனிப் படலை திறந்து முறைப்படி உள்ளே அழைப்போம். அழைக்கும்போது அதன் கையில் சட்டம் இருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்வோம்.