கோடு போட்ட பாடநூல்

தமிழில் வாசகர்களே இல்லை என்று நாம் அங்கலாய்க்காத இலக்கியக் கூட்டம் கிடையாது. முன்பு தொலைக்காட்சியைத் திட்டினோம். இப்போது கைபேசியைத் திட்டுகிறோம். நான் சுட்ட விரும்பும் குற்றவாளி வேறு. பள்ளிகளில் சமூக அறிவியல் பாடவேளையில் கையாளப்படும் பென்சில்.

முதலாண்டு மாணவர் சிலரிடம் அவர்களுடைய பழைய ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலைக் கொண்டுவரச் சொன்னேன். எல்லா நூல்களிலும் ஒரே காட்சி: வினா எண், ஓர் அடைப்புக்குறி, அதற்குள் விடை. அடைப்புக்கு வெளியே நின்ற வரிகள் அச்சகத்திலிருந்து வந்த கோலத்திலேயே இருந்தன. மீதியை வாசித்ததில்லையா என்றேன். "அது கேள்வியில வராதுங்கய்யா" என்றாள் ஒரு மாணவி.

அவளுக்கு மாங்குளம் பக்கம் ஊர். தமிழ்பிராமி குறித்த ஒரு மதிப்பெண் விடை மனப்பாடமாக இருக்கிறது. ஊருக்கருகே ஓவாமலையில் அதே எழுத்து வெட்டப்பட்டிருப்பது தெரியவில்லை. 1882இல் ராபர்ட் சீவெல் கண்ட கல்வெட்டுகள் அவை. அவற்றின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியது 1924இல். நெடுஞ்செழியன் என்னும் பெயரை ஐராவதம் மகாதேவன் வாசித்து முன்வைத்தது 1965இல். சமணத் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி. கொடையாளருள் வெள்ளறை நிகமத்து வணிகரும் உண்டு. சில வரிகளை வாசித்து முடிக்க அறிஞர்களுக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. வரலாறு என்பதே இப்படித் தட்டுத்தடுமாறி வாசிப்பதுதான். நாமோ அதன் முடிவை மட்டும் கோடிட்டுக் கொடுக்கிறோம்.

பள்ளி ஆசிரியர்கள் சினம் கொள்ளக்கூடும். பாடத்தை முடிக்க வேண்டும், பதிவேடு நிரப்ப வேண்டும், தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், அறிவேன். ஆனால் ஒரு பாடவேளையில் ஒரு பத்தியை ஒரு மாணவன் உரக்க வாசிக்க ஐந்து நிமிடம் போதும். வாசித்ததும் 'இது எப்படித் தெரிந்தது?' என்று ஒரே ஒரு வினா. செய்யுளுக்கு இசை கூட்டி வாசிக்கச் சொல்லும் நாம், வாதமும் சான்றும் உள்ள உரைநடையை ஏன் தீண்டாமல் விடுகிறோம்? நாவல் வாசகனுக்கும் கட்டுரை வாசகனுக்கும் தேவையான பயிற்சி அங்கேதான் இருக்கிறது. (தமிழாசிரியர்களுக்குச் சமூக அறிவியல் என்றால் சற்று இளக்காரம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

கோரிக்கை ஒன்றுதான். மொழிப்பாடத் தேர்வில் உரைப்பத்தி வினா இருப்பதைப் போல, பாடநூலில் இல்லாத ஒரு பத்தியைச் சமூக அறிவியல் வினாத்தாளிலும் தாருங்கள். அதற்குக் கோடு போட முடியாது. முதல் எதிர்ப்பு கையேடு அச்சிடுவோரிடமிருந்து வரும். அடுத்தது எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களிடமிருந்து. சென்ற பருவத்தேர்வுக்கு நானும் பழைய வினாத்தாள்களைப் புரட்டித்தான் வினா எடுத்தேன்.